பள்ளிக்கூடம் விடும் நேரம்

சென்னையில் நெரிசலான ஒரு தெரு. ஒரு முனையில் தனியார் பள்ளி, மறுமுனையில் மாநகராட்சிப் பள்ளி, இடையில் ஒரு பெட்டிக்கடை.

தனியார் பள்ளியிலிருந்து ஒரு பையன் வருகிறான். பன்னிரண்டு வயது இருக்கும். சட்டையின் மூன்றாவது பொத்தான் பிதுங்கி நிற்கிறது. பெல்ட்டில் கடைசித் துளையையும் தாண்டி ஆணியால் குத்திய புதுத் துளை. பிடரி மடிப்பில் வெல்வெட் போலத் தடித்த கருமை. வீட்டில் அழுக்கு என்று தேய்த்துக் குளிப்பாட்டியிருப்பார்கள். தேய்த்துப் போகிற கறுப்பில்லை அது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பு அப்படித்தான் பல நேரம் காட்டிக்கொடுக்கும்.

"டேய் பூசணி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவன் திரும்பவில்லை. முதுகுப் பையைக் கழற்றி வயிற்றுக்கு முன்னால் அணைத்துக்கொள்கிறான். "தம்பி, டியூஷனுக்கு நேரமாச்சு," என்று டிரைவர் கதவைத் திறக்கிறார். பின்சீட்டில் பப்ஸும் ஜூஸ் பாட்டிலும் தயாராக இருக்கின்றன.

மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் கும்பலாக, நடந்து வருகிறார்கள். பெரும்பாலும் ஒல்லி. மதியம் சத்துணவும் முட்டையும் உண்டு. 2022இல் தொடங்கிய காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாவதுக்குப் போனவன் டீயும் பன்னுமாக வந்திருக்கலாம். கடை வாசலில் சரம் சரமாக ஐந்து ரூபாய் பாக்கெட்டுகள் தொங்குகின்றன. "அண்ணா, மசாலா ஒண்ணு!" ஐந்தாறு கைகள் ஒரே நேரத்தில் நீள்கின்றன. அந்தக் கூட்டத்திலும் இப்போது கன்னம் உப்பிய ஒருவன் நிற்கிறான்.

கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020இலேயே விதி வந்துவிட்டது. இந்தக் கடை வாசலிலிருந்து இருபது தப்படி.

நம் ஊரில் பருமன் இன்னும் வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம்தான் அதிகம். இங்கிலாந்தில் கணக்குத் தலைகீழ். 2023-24இல் அங்கே 10, 11 வயதுப் பிள்ளைகளை எடை பார்த்தபோது, மிக ஏழ்மையான பகுதிகளில் நூற்றுக்கு 29 பேரிடம் பருமன்; மிக வசதியான பகுதிகளில் 13 பேரிடம். தொங்கும் சரங்களைப் பார்க்கையில், நம் கணக்கும் அப்படிப் புரண்டுவிடுமோ என்று வயிறு கலங்குகிறது.

காரில் போகிறவனுக்கு டாக்டர் கிடைப்பார், டயட்டீஷியன் கிடைப்பார், நீச்சல் வகுப்பும் கிடைக்கும். கன்னம் உப்பிய அந்த இன்னொருவனுக்கு இருப்பது வாரத்தில் ஒன்றிரண்டு பி.டி. பீரியட். அதையாவது கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளாமல் விட வேண்டும்.