ஒற்றுப்பிழை

குற்றவாளி நான்தான். இதைச் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

திண்டுக்கல்லில் என் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் இருக்கின்றன. கல்யாணப் பத்திரிகை, ஜாதகம், மனு, பென்ஷன் பேப்பர் என்று அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. பக்கம் கட்டும் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்க மனசில்லாமல் இணையத்தில் தேடி ‘கிராக்’ இறக்கினேன். ஜிப் கோப்புக்குக் கடவுச்சொல் 1234. கூடவே ஒரு குறிப்பு: நிறுவும் முன் ஆன்டிவைரஸை நிறுத்தவும்.

இப்படிப் பூட்டி அனுப்புவதே உள்ளே இருப்பதை ஆன்டிவைரஸ் முகர்ந்து பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். எனக்கு அது தெரியும். கண்ட பென்டிரைவைச் சொருகாதே என்று தெருவுக்கே உபதேசம் செய்கிறவன் நான். ஆனாலும் நிறுத்தினேன். மறுபடி தொல்லை தரக் கூடாது என்று சி டிரைவ் முழுவதையும் விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் சேர்த்தேன். நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தாயிற்று.

அறிகுறிகள் தெரியாமல் இல்லை. ஒன்றும் ஓடாத நேரத்தில் மின்விசிறி இரைந்தது. வெப்கேம் விளக்கு ஒருநாள் மினுக்கி அணைந்தது. மௌஸ் அம்பு தானாக நகர்ந்தபோது, மௌஸ் கெட்டுவிட்டது என்று 350 ரூபாய்க்குப் புதிது வாங்கினேன். 2024 மார்ச்சில் ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்கிற பொறியாளர், தன் கணினியில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று தோண்டப்போய்த்தான் எக்ஸ்இசட் மென்பொருளில் ஒளித்து வைத்திருந்த பின்கதவு வெளியே வந்தது. அவருக்கு அரை நொடி உறுத்தியது. எனக்கு ஐந்து மாதம் உறைக்கவில்லை.

கண்டுபிடித்தது லீவுக்கு வந்த அக்கா மகன். பிரௌசரை மூடிவிட்டு, கறுப்புத் திரையில் நெட்ஸ்டாட் கட்டளையை அடித்தான். எல்லாம் மூடியிருந்தும் ஏதோ ஒரு வெளி முகவரியோடு ஓர் இணைப்பு உயிரோடு இருந்தது. அதை வைத்திருந்த புரோகிராமின் எண்ணை டாஸ்க் மேனேஜரில் தேடினான். எஸ்விசிஹோஸ்ட் என்று பெயர் வந்தது. விண்டோஸின் சொந்தப் பிள்ளைதானே என்றேன்.

“அதோட வீடு சிஸ்டம்32 மாமா. இது ஏன் உங்க ஆப்டேட்டாவுல குடியிருக்கு?”

நெட் கேபிளைப் பிடுங்கினான். அந்தக் கோப்பை அழித்தோம். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தது. ஆட்டோரன்ஸ் கருவியை ஓட்டியதும், டாஸ்க் ஷெட்யூலரில் ஒட்டிக்கொண்டிருந்த வேலை ஒன்று பிடிபட்டது. வேறொரு ஃபோல்டரில் ஒளிந்திருந்த நகலை அதுதான் எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒழித்து, விலக்குப் பட்டியலைத் துடைத்து, டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனும் போட்டோம். சுத்தம் என்றேன்.

“சுத்தம்னு யார் சொல்றா மாமா? அந்தக் கம்ப்யூட்டரேதானே?”

மைக்ரோசாஃப்டில் இருந்த ஜெஸ்பர் ஜோஹான்சன் 2004-லேயே இதை எழுதியிருக்கிறார்: அன்னியன் கைக்குப் போய் வந்த கணினியை ஒட்டிச் சரிசெய்ய முடியாது, தரைமட்டமாக்கி மறுபடி கட்ட வேண்டும். ஃபார்மட் செய்துவிடுங்கள், கடவுச்சொற்களை வேறு கணினியிலிருந்து மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் பையன் ஊருக்குப் போனான். நான் செய்யவில்லை. ஃபார்மட் செய்தால் அந்தக் கிராக் மென்பொருளும் போய்விடுமே. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். கடவுச்சொற்களையும் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தே மாற்றினேன்.

இதுவரை சொன்னது முட்டாள்தனம். குற்றம் இனிமேல்தான்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருடைய பென்ஷன் பேப்பர், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் ஸ்கேன் ஆகி என்னிடம்தான் இருந்தன. ஒருநாள் காலையில் வந்தார். உயிர்வாழ் சான்று புதுப்பிக்க வேண்டும் என்று ஒருவன் போனில் பேசியிருக்கிறான். பென்ஷன் ஆணையின் எண்ணான பி.பி.ஓ. நம்பரைப் பிசகாமல் சொல்லியிருக்கிறான். நம்பி ஓடிபியைக் கொடுத்துவிட்டார். 22,000 ரூபாய் போய்விட்டது.

“நீ விவரம் தெரிஞ்சவன். நம்ம பேப்பர் எங்கேயாவது வெளிய போயிருக்குமாப்பா?”

“பேங்க்லேருந்து லீக் ஆயிருக்கும் சார்” என்றேன்.

என் கம்ப்யூட்டரிலிருந்துதான் போனதா என்பதற்கு இன்றும் என்னிடம் சாட்சியம் இல்லை. அந்தச் சந்தேகத்தின் நிழலில் வசதியாக ஒதுங்கிக்கொண்டேன். அதைவிட மோசம், அந்தக் காலையிலேயே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்திருந்தால் பணம் கைமாறும் முன் முடக்க ஒரு வழி இருந்தது. அந்த எண் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. புகார் என்றால் விசாரணை வரும், விசாரணை என்றால் என் வீட்டு முன்னறைக்கும் வரும் என்று கணக்குப் போட்டேன். அன்று ராத்திரியே ஃபார்மட் செய்தேன். அதுவும் பாதுகாப்புக்காக இல்லை, தடயம் போகட்டும் என்றுதான்.

சார் இன்னும் என்னிடம்தான் வருகிறார். நான் அடித்த பக்கங்களைச் சிவப்புப் பேனாவோடு படித்து, “இங்கே ஒற்று மிகும்” என்று குறித்துத் தருவார். தமிழில் மிகுகிற மெய்யெழுத்துக்கும் ஒற்று என்றுதான் பெயர், வேவுக்கும் ஒற்று என்றுதான் பெயர். வள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்தார். சார் திருத்தியது ஓர் ஒற்றை. நான் மறைத்தது இன்னொன்றை.

இந்தப் பக்கங்களையும் அவரிடம்தான் முதலில் கொடுக்கப் போகிறேன். 22,000 ரூபாயும் கவரில் இருக்கிறது. வழக்கம்போல் பேனாவைத் திறந்து, விட்டுப்போன ஒற்றுகளைக் குறித்துக்கொண்டே வருவார். பென்ஷன் பேப்பர் என்ற இடத்தில் பேனா நிற்கும். அப்போது நான் எழுந்து போகாமல் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும்.