நிலாவரை கண்டேன்

பண்டைச் சிதைவுகளையும் இயற்கைக் கேணிகளையும் ஒரே நாளிற் காண விழைவோர் மெக்சிக்கோவின் யூக்கட்டான் வரை செல்லுவர். ஆறுகளற்ற அச்சுண்ணாம்புக்கல் நிலத்தில், பாறை இடிந்து உண்டான கேணிகளை நம்பியே மாயர் நகர் சமைத்தனர். சிச்சென் இட்சா என்ற பெயருக்கே 'இட்சா மக்களின் கிணற்று வாய்' என்பது பொருள்.

மாம்புரியிலிருந்து புறப்பட்ட எமக்கோ யாழ்ப்பாணமே போதுமானதாயிற்று. வழிகாட்டியாய் வந்த பெரியவர் முதலிற் கந்தரோடையைக் காட்டினார். பனைகளிடையே சின்னஞ்சிறு தூபிகள் கவிழ்த்த கலங்கள் போல் இருந்தன. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது, கி.மு. காலத்துக் குடியிருப்பின் சான்றுகள் வெளிப்பட்டன.

அடுத்தது புத்தூர் நிலாவரை. இராமபிரான் அம்பு ஊன்றிய இடம் என்பர் ஊரார். சுண்ணாம்புப் பாறை கரைந்து பிறந்த கேணி அது.

"மேலே நன்னீர், ஆழத்திலே உவர்நீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே வந்துவிடும், தம்பி" என்றார் பெரியவர்.

மாலையிற் கீரிமலைக் கேணியில், அருகே கடல் இரைய, பிள்ளைகள் குளிர்ந்த ஊற்றுநீரில் துள்ளிக் குளித்தனர். என் நெஞ்சிலோ பெரியவர் சொல்லே நின்றது. எங்கள் மாம்புரிக்கும் ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. மணலுக்கடியில் உவர்நீர்மேல் மிதக்கும் மழைநீரே எங்கள் கிணற்றுநீர். அதை இறைத்தே வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கிறோம். இடும் உரமும் அந்நீரிலேயே சேர்கிறது.

நீண்ட வறட்சிகளும் மாயர் நகர்கள் பல வெறிச்சோடக் காரணமாயின என்பர் ஆராய்ச்சியாளர். நம் ஊரும் பிறர் வந்து பார்த்துச் செல்லும் சிதைவாகிவிடலாகாது. மழை தந்த அளவறிந்து இறைப்போமாக!