ஐந்து காரணங்களில் ஒன்று

கருக்கலைப்புக்கு முன் டாக்டராக நான் நிரப்ப வேண்டிய கருத்துப் படிவம் ஒரே பக்கம்தான். அதில் சட்டம் ஏற்கும் காரணங்கள் ஐந்து இருக்கின்றன: தாயின் உயிருக்கு ஆபத்து, உடல் அல்லது மன நலத்துக்குக் கடும் பாதிப்பு, பிறக்கும் குழந்தைக்குப் பெரிய குறை வரும் அபாயம், பாலியல் வன்கொடுமையால் வந்த கர்ப்பம், கருத்தடை தவறியது. பொருந்துவதை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். 'வேண்டாம் என்கிறாள்' என்று ஆறாவதாக ஒரு வரி அதில் கிடையாது. ஓபியில் என் எதிரே வந்து உட்காருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்த இல்லாத வரிதான் காரணம்.

"சின்னவன் இன்னும் பால் மறக்கல மேடம்." "இவரு குடிச்சே அழிக்கிறாரு, இன்னொண்ண எதை வச்சு வளக்கிறது?" "வேலை இப்பதான் நிரந்தரம் ஆகப்போகுது." இதையெல்லாம் கேட்டுவிட்டு ஐந்தில் ஒன்றாக்கி எழுதுவது என் வேலை. பெரும்பாலும் ஐந்தாவது, இல்லையென்றால் இரண்டாவது. இதைப் பொய்யெழுத்து என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கருத்தடை தவறி வந்த கர்ப்பம் தரும் வேதனையை மனநலப் பாதிப்பாகவே கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது. அவளுடைய இப்போதைய சூழலையும் இனி வரக்கூடிய சூழலையும் டாக்டர் கணக்கில் எடுக்கலாம் என்றும் சொல்கிறது. கதவு திறந்துதான் இருக்கிறது. சாவிதான் அவள் கையில் இல்லாமல் என் கையில் இருக்கிறது.

அது தற்செயலாக நடந்ததில்லை. 1860-ன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 312-வது பிரிவு கருவைக் கலைப்பதைக் குற்றமாக்கியது. மூன்றாண்டு வரை சிறை, வயிற்றில் அசைவு தெரிந்த பிறகென்றால் ஏழாண்டு. தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளிதான். 2024 ஜூலையிலிருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-வது பிரிவு; எண் மாறியது, குற்றம் அப்படியே இருக்கிறது. முறையற்ற கலைப்பில் பெண்கள் செத்துக்கொண்டிருந்ததால் 1964-ல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 1966-ல் அறிக்கை வந்தது, 1971-ல் எம்டிபி என்று நாங்கள் சொல்லும் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறியது. நல்லெண்ணத்தோடு கருத்தெழுதிச் செய்த டாக்டர் குற்றவாளி ஆகமாட்டார் என்பதுதான் அந்தச் சட்டத்தின் அடிநாதம். பெண்ணுக்கு உரிமை என்ற பேச்சே அதில் இல்லை. அமெரிக்காவில் 1973-ல் உச்ச நீதிமன்றம் தந்த கருக்கலைப்பு உரிமையை 2022-ல் அதே நீதிமன்றம் பறித்தபோது, அங்கே மகள் இருக்கிற ஒரு அம்மா என்னிடம், "நம்ம ஊரே தேவலை போலிருக்கே டாக்டர்" என்றார். நடைமுறையில் தேவலைதான். ஆனால் இங்கே அது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவில் அடங்கிய சுதந்திரம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2009-ல்தான். சட்டத்தின் வாசகம் இன்றும் டாக்டரைப் பார்த்துத்தான் பேசுகிறது.

என் தொழிலில் பாதி, நாள் கணக்கு. "கடைசியா எப்ப தலைக்கு ஊத்தினே?" என்றால் தேதி வராது. ஆடிப் பெருக்குக்கு முந்தின வாரம், நாத்தனார் வளைகாப்பன்று, ரேஷன் வாங்கின அன்று என்றுதான் வரும். மேசையில் தினசரி காலண்டரை வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கிழமை கிழமையாகப் போவோம். பிறகு ஸ்கேன். மூன்று மாதத்துக்குள் பார்த்தால் ஒரு வாரத்துக்குள் கணக்கு சரியாக வரும். ஐந்தாம் மாதத்தில் பார்த்தால் பத்து நாள் முன்பின் ஆவது சகஜம். சட்டமோ இருபது, இருபத்து நான்கு என்று வாரத்தில் கோடு போட்டிருக்கிறது. அந்தப் பத்து நாளுக்குள் ஒரு பெண் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரி முடிவு செய்கிறது. தொலைக்காட்சியில் உயிர் எப்போது தொடங்குகிறது என்று வாதாடுகிறவர்கள் யாரும் இந்தப் பத்து நாளைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்தது, கூட வந்தவர்களை வெளியே அனுப்புவது. மாமியாரை "நீங்க பிளட் ரிசல்ட் வாங்கிட்டு வாங்கம்மா" என்று லேபுக்கு அனுப்பிவிடலாம். கணவனை அனுப்புவது கஷ்டம். பதினெட்டு வயது முடிந்து, மனநலம் சரியாக உள்ள பெண் என்றால் அவள் சம்மதம் மட்டும் போதும். சட்டத்தில் கணவனுக்கு அங்கே இடமே இல்லை. ஆனாலும் நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் 'கணவர் கையொப்பம்' என்று ரப்பர் ஸ்டாம்பே வைத்திருந்தார்கள். கேட்டால், "நாளைக்கு அவன் வந்து தகராறு பண்ணினா யார் பாக்கிறது?" அந்தப் பயம் நியாயமில்லாதது என்றும் சொல்ல முடியாது, வாசலில் கூச்சல் கேட்டவர்களுக்குத் தெரியும். என்றாலும் அந்த ஸ்டாம்ப் எத்தனை பெண்களைத் திரும்பிப் போக வைத்தது என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் இடம் இல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். உசிலம்பட்டிப் பெண் சிசுக்கொலைச் செய்திகள் வந்த காலத்தையும், 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய காலத்தையும் பார்த்த மாநிலம் இது. கள்ளிப்பால் போய் ஸ்கேன் வந்தது. 1994-ல் பாலினத் தேர்வைத் தடுக்கும் சட்டம் வந்தது. இரண்டு பெண் பிள்ளைகளோடு, நான்காம் மாதத்தில், எங்கேயோ ஸ்கேன் எடுத்து, ரிப்போர்ட் எதுவும் கையில் இல்லாமல் ஒருத்தி வந்தால் எனக்குப் புரியும். நான் செய்வதில்லை. "அவள் காரணத்தைக் கேட்க நீ யார்?" என்ற கேள்வி எனக்கும் உண்டு. மற்றவர்கள் காரணத்தைத் தோண்டாத நான் இங்கே மட்டும் ஏன் தோண்டுகிறேன்? அப்படி வருகிறவளிடம் தனியாகப் பேசினால், முடிவு அவளுடையதாக இருப்பதில்லை என்பது என் அனுபவம். ஆனால் செய்யமாட்டேன் என்று அனுப்பிய பிறகு அந்த வீட்டுக்குள் அவளுக்கு என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இதற்கு முழுசாக ஒரு பதில் என்னிடம் இல்லை.

இதில் நிர்வாகம் பண்ணும் குழப்பம் வேறு. கர்ப்பம் பதிவானதும் பிக்மி என்ற அரசுப் பதிவு எண் போட்டுவிடுவார்கள். பாதியில் நின்றால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் மேலிருந்து கேள்வி வரும், அவர் எனக்கு போன் போடுவார்: "மேடம், அந்த அக்காவுக்கு என்ன ஆச்சு? நான் என்ன எழுதட்டும்?" சம்மதப் படிவத்தையும் கருத்துப் படிவத்தையும் உறையிலிட்டு ஒட்டி, ரகசியம் என்று எழுதிப் பூட்டி வைக்கச் சொல்கிறது விதி. பெண்ணின் விவரத்தை வெளியிட்டால் எனக்கு ஓராண்டு வரை சிறை. பாவம், அவரும் அரசாங்கத்துக்குத்தான் கணக்கு சொல்கிறார். "முடிஞ்சதுன்னு மட்டும் எழுதிக்கோம்மா" என்பேன். பெண் சிசுவைக் காக்கும் சட்டத்தையும் பெண்ணைக் காக்கும் சட்டத்தையும் ஒரே ஆய்வில் குழப்பிப் பார்ப்பதால், வம்பே வேண்டாம் என்று நான்காம் மாதத்துக்கு மேல் யாரையும் எடுக்காத டாக்டர்கள் உண்டு.

கடினமானது கடைசி வாரங்கள்தான். குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனை பதினெட்டிலிருந்து இருபது வாரத்துக்குள் எடுக்கிறோம். பழைய சட்டம் இருபதில் நின்றது. 2008-ல் மும்பையின் நிகேதா மேத்தா, குழந்தையின் இதயக் கோளாறு கோடு தாண்டித் தெரிந்ததால் உயர் நீதிமன்றம் போய்க் கேட்டார், மறுத்துவிட்டார்கள். சட்டம் திருந்த 2021 ஆயிற்று. இப்போது இருபது வாரம் வரை ஒரு டாக்டர், சில பிரிவினருக்கு இருபத்து நான்கு வரை இரண்டு டாக்டர்கள். கருவில் பெரிய குறை என்றால் மருத்துவ வாரியம் சம்மதித்தால் அதற்கு மேலும் செய்யலாம். திருமணமாகாதவளுக்கும் இருபத்து நான்கு வாரம் உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

அடுத்த ஆண்டே அதே நீதிமன்றம் தடுமாறியது. வழக்குத் தொடுத்தவர் இரண்டு குழந்தைகளின் தாய். பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு வராததைப் பெரிதாக நினைக்கவில்லை. என் ஓபியில் அடிக்கடி கேட்கும் கதைதான். அவருக்குத் தெரிய வந்தபோது இருபத்து நான்கு வாரம் தாண்டிவிட்டது. பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்தும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 2023 அக்டோபரில் இரண்டு நீதிபதிகள் அனுமதித்தார்கள். அதன் பிறகு எய்ம்ஸ் டாக்டர் ஒருவர் ஒரு கேள்வியை எழுதி அனுப்பினார்: பிறந்தால் பிழைக்கக்கூடிய குழந்தை இது, இதயத்தை முதலில் நிறுத்தவா? நீதிபதிகள் இருவரும் பிரிந்தார்கள். மூவர் அமர்வு மறுத்தது. வெளியே பலர் அந்த டாக்டரைத் திட்டினார்கள். எனக்குத் திட்டத் தோன்றவில்லை. 'அனுமதிக்கிறோம்' என்று தீர்ப்பில் எழுதும் சொல், ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே வயிற்றின் வழியாக ஊசியை இறக்கி, துடிப்பு நின்றதா என்று உறுதி செய்யும் ஒரு கையாக மாற வேண்டும். அது யார் கை என்று அவர் கேட்டார். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த பதில் நியாயமானது என்றும் நான் சொல்ல மாட்டேன். இரண்டையும் சேர்த்துத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளில் சிலர், "மேடம், என் நம்பிக்கைக்கு ஒத்துவராது, எம்டிபி கேஸ் மட்டும் வேண்டாம்" என்பார்கள். பிரிட்டனின் 1967 சட்டம் மனசாட்சிப்படி விலக டாக்டருக்கு இடம் கொடுக்கிறது. நம் சட்டம் அதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நான் வற்புறுத்துவதில்லை. தியேட்டருக்கு வர வேண்டாம், ஆனால் நாள் கணக்கு எடுக்க வேண்டும், முகம் சுளிக்காமல் பேச வேண்டும், செய்கிற இடத்துக்கு அன்றே அனுப்ப வேண்டும். 2015-ல் இந்தியாவில் நடந்த சுமார் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகளில் நான்கில் மூன்றுக்குப் பக்கம், மருத்துவமனைக்கு வெளியே மாத்திரை போட்டுக் கலைத்தவை என்று 'லான்செட்' ஆய்வு சொன்னது. அப்படி எங்கேயோ வாங்கிய மாத்திரையைப் பத்தாம் வாரத்துக்கு மேல் போட்டுவிட்டு, பாதி வெளியேறி பாதி தங்கி, ரத்தத்தில் நனைந்த புடவையோடு ஆட்டோவில் வந்து இறங்குகிறவள் விஷயத்தில் நம்பிக்கை விலக்கு கிடையாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுவேன். நம்பிக்கை காரணமாக விலகியிருந்த பயிற்சி டாக்டர் ஒருத்தி, ஒரு ராத்திரி டூட்டியில் நான் வந்து சேருவதற்குள் டிரிப் ஏற்றி, ரத்தம் சொல்லி, வேக்குவம் சிரிஞ்சைத் தயாராக வைத்திருந்தாள். மறுவாரம் எம்டிபி பட்டியலில் அவள் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "வேண்டாம் மேடம்" என்றாள். போடவில்லை.