நந்தினியைப் பிடித்தவள்

எங்கள் ஊர் காட்டுமன்னார்கோயில். 'பொன்னியின் செல்வன்' நாவலில் ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிற வீராணம் ஏரிக்கரையில்தான் நான் சைக்கிள் பழகினேன். அதனாலோ என்னவோ, அந்த நாவல் என் சொந்தச் சொத்து என்ற எண்ணம் சின்ன வயதிலேயே ஊறிவிட்டது.

வீட்டில் என் பாட்டியின் பைண்டு புத்தகங்கள் இருந்தன. 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் வந்த தொடரை, மணியம் வரைந்த படங்களோடு வாராவாரம் எடுத்துச் சேர்த்துத் தைத்தவை. அவற்றை நான்கு முறை படித்தவள் நான். கதையைப் பற்றிப் பேச்சு வந்தால், யாரைப் பிடிக்கும் என்று கேட்பேன். ஏன் என்றும் கேட்பேன். பூங்குழலி என்று சொன்னால் அவர்கள்மேல் எனக்கு மதிப்பு. காரணம் சரியில்லை என்று பட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன்.

2022 செப்டம்பர் கடைசியில், அந்தக் கதையை வைத்து மணிரத்னம் எடுத்த படத்தின் முதல் பாகம் வந்தது. அக்கா மகளுக்கு அப்போது பதினான்கு வயது. எங்கள் அம்மாவிடம்தான் வளர்கிறாள். படம் பார்த்துவிட்டு வந்து, "சித்தி, எனக்கு நந்தினியைத்தான் ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாள்.

"உனக்குப் பிடிச்சது நந்தினி இல்லடி, ஐஸ்வர்யா ராய்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் தோசையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு துண்டும் வாய்க்குப் போகவில்லை.

அதன்பிறகு ஐந்து பாகத்தையும் நூலகத்தில் எடுத்துப் படித்திருக்கிறாள். என்னிடம் மூச்சு விடவில்லை. அடுத்த கோடையில் மொட்டைமாடியில் வடாம் பிழியும்போது அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அப்போதும் நந்தினிதானா என்று கேட்டேன்.

"அவ யாரு பொண்ணுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க சித்தி. அவளைக் கூப்பிட்டு உட்காரவெச்சு யாருமே பேசலை." வடாம் துணியின் ஓரத்தில் கல்லை வைத்துவிட்டுச் சொன்னாள்: "என்னையும் அஞ்சாவது முடிச்சதும் இங்கே கொண்டாந்து விட்டீங்க. ஏன்னு இன்னும் யாரும் சொல்லலை."

அவளைக் கொண்டுவந்து விட்ட அன்று பஸ் ஸ்டாண்டிலிருந்து அவள் பையைத் தூக்கி வந்தவள் நான்தான்.

இதை எழுதும்போது என் கதையையும் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு வயதில் எனக்கு வந்தியத்தேவனைப் பிடித்துப்போனது, மணியத்தின் ஒரு படத்தைப் பார்த்துத்தான். துணிச்சல், சமயோசிதம், நட்பு என்பதெல்லாம் பின்னால் சேர்த்துக்கொண்டவை. என்னிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. ஆனால் நான் என் பாட்டியைக்கூட விட்டுவைக்கவில்லை. அவளுக்கு மணிமேகலை என்றால் உயிர். "அந்த அழுமூஞ்சியையா?" என்று கேட்டிருக்கிறேன். வந்தியத்தேவனைக் காப்பாற்ற, செய்யாத கொலையைத் தான் செய்ததாகச் சொன்னவள் மணிமேகலை. மணிரத்னம் படத்தின் இரண்டு பாகத்திலும் அவள் இல்லை. பாட்டி ஏன் அவளிடம் போய் நின்றாள் என்பது பாட்டியோடு போய்விட்டது.

வடாம் பிழிந்த அன்றிரவு அக்காவுக்குப் போன் போட்டேன். மறுநாளே புறப்பட்டு வந்தாள். என்ன நடந்தது, ஏன் இங்கே விட்டோம் என்று இருவரும் உட்கார்ந்து அவள் மகளிடம் சொன்னோம். சொல்லி முடிக்க நெடுநேரம் ஆனது.

ஊருக்குக் கிளம்பும் முன் பாட்டியின் புத்தகங்களை அவளிடம் கொடுத்தேன். கடைசிப் பாகத்தைப் புரட்டியவள், மணிமேகலை இறக்கும் இடத்தில் நிறுத்தினாள். ஓரமெல்லாம் நைந்து, கீழ் மூலையில் மஞ்சள் விரல்தடம்.

"இந்தப் பக்கத்தை இவ்வளவு தடவை யாரு சித்தி படிச்சது?"