பந்தையே தொடாத ஹீரோவின் ஊர்!

டிசம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாண்ட் நகரத்தில் போய் இறங்கியிருக்கீங்கன்னு வைத்துக்கொள்வோம். முதல் வேலையா இன்னொரு ஸ்வெட்டர் எடுத்து மாட்டுங்க பாஸ்! எதிரில் கடல் மாதிரி விரிந்து கிடப்பது ஈரி ஏரி. அங்கிருந்து வருகிற காற்று காதைப் பிய்த்துவிடும்.

ஏரிக்கரையிலேயே ஒரு பிரமாண்ட ஸ்டேடியம். அதுதான் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணியின் வீடு. மேட்ச் நாளென்றால் விடியும் முன்பே பக்கத்து கார் பார்க்கிங்கில் திருவிழா களைகட்டிவிடும். அடுப்பு மூட்டி இறைச்சி சுடுகிற புகை, ஆரஞ்சும் பிரவுனுமாகச் சட்டைகள், நாய் முகமூடி மாட்டிய ஆட்கள்... பயப்படாதீங்க, எல்லாம் ரசிகர்கள்தான். ஸ்டேடியத்தில் அவங்க உட்காரும் பகுதிக்கே 'டாக் பவுண்ட்' என்றுதான் பெயர்!

அந்தக் கூட்டத்தில் முதுகில் '73' என்று எழுதிய ஜெர்சிகளைத் தேடிப் பாருங்க. அது ஜோ தாமஸின் நம்பர். எத்தனை கோல் போட்டார்? ஒண்ணுமில்லை. எத்தனை முறை பந்தோடு ஓடினார்? ம்ஹூம். பந்தைத் தொடுவதே அவர் வேலை கிடையாது. அப்புறம் எதுக்குக் கொண்டாட்டம்?

அதுக்கு ஆட்டத்தைக் கொஞ்சம் புரிஞ்சுக்கணும். அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்தை எறிகிறவர் குவார்ட்டர்பேக். சம்பளம், விளம்பரம், போஸ்டர் எல்லாம் அவருக்குத்தான். அவருக்கு முன்னால் சுவர் மாதிரி ஐந்து தடியர்கள் நிற்பார்கள் பாருங்க, அவங்கதான் அஃபென்சிவ் லைன்மேன். எதிரணி ஆள் பாய்ந்து வந்து குவார்ட்டர்பேக்கைச் சாய்க்காமல் தடுக்க வேண்டும். அதுதான் முக்கிய வேலை.

அதிலும் இடது ஓரத்தில் நிற்கிற 'லெஃப்ட் டேக்கிள்' பாடு ரொம்பக் கஷ்டம். வலது கைக்காரர் பந்தை எறியத் திரும்பினால், இடது பக்கம் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அங்கிருந்து வருகிற ஆளை அவரால் பார்க்கவே முடியாது. அந்த முதுகைக் காப்பாற்றியவர்தான் ஜோ தாமஸ். உயரம் ஆறரை அடி, எடை சுமார் 141 கிலோ.

நம்ம கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் கதைதான். நூறு பந்தைப் பிடிச்சா யாரும் பேச மாட்டாங்க. ஒண்ணை விட்டாப் போதும், ரீப்ளே போட்டே கொல்லுவாங்க!

2007-ல் இவரை முதல் சுற்றில், மூன்றாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது பிரவுன்ஸ். அப்படித் தேர்வாகப்போகிற பசங்க நியூயார்க்கில் கோட் சூட் போட்டு கேமரா முன்னால் உட்கார்ந்திருப்பது அப்போதைய வழக்கம். இவரோ விஸ்கான்சினில் அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடிக்கப் போய்விட்டார். அழைப்பு வந்தது படகுக்கு!

வந்து சேர்ந்த அணியோ, பாவப்பட்ட அணி. 1995 சீசனோடு முதலாளி மொத்த அணியையும் பால்டிமோருக்குக் கிளப்பிக்கொண்டு போக, மூன்று சீசன் அணியே இல்லாமல் தவித்த ஊர் இது. 1999-ல்தான் பிரவுன்ஸ் மறுபடி உயிர் பெற்றது. பெற்றும் என்ன புண்ணியம்? தாமஸ் ஆடிய காலத்தில் மட்டும் 6 தலைமைக் கோச்கள் மாறினார்கள். குவார்ட்டர்பேக்குகளோ வந்தார்கள், சாய்ந்தார்கள், போனார்கள். ஒரு ரசிகர் கடுப்பாகி, ஒரே ஜெர்சியில் பழைய பெயரை அடித்து அடித்து அடுத்த பெயரை ஒட்டிக்கொண்டே வந்தார்.

முதுகுகள் மாறின. காவல்காரர் மட்டும் மாறவில்லை.

பந்து கைமாறி ஒவ்வொரு ஆட்டமும் தொடங்குவதை 'ஸ்னாப்' என்பார்கள். அறிமுகமான நாளிலிருந்து தாமஸ் ஒரு ஸ்னாப்கூடத் தவறவிடவில்லை. வலி, பனி, காய்ச்சல், தோல்வி... எதுவும் அவரை வெளியே உட்கார வைக்கவில்லை. தொடர்ந்து 10,363 ஸ்னாப்கள்! 2017 அக்டோபர் 22 அன்று, இதே ஏரிக்கரை மைதானத்தில், டென்னஸி அணிக்கு எதிரான ஆட்டத்தில் இடது கைத் தசை கிழிந்தது. அன்றைக்குத்தான் அந்தக் கணக்கு நின்றது.

மொத்தம் 167 மேட்ச். ஜெயித்தது 48, தோற்றது 119. நாக் அவுட் சுற்றில் ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை. 2015-ல் டென்வர் அணிக்கு அவரை மாற்றப் பேசினார்கள். கடைசி நேரத்தில் பேச்சு முறிந்தது. அந்த சீசனில் சூப்பர் பவுல் ஜெயித்தது யாருன்னு நினைக்கிறீங்க? டென்வர்! நீங்களா இருந்தா எத்தனை ராத்திரி தூங்காம இருந்திருப்பீங்க? இவர் அடுத்த மேட்சுக்கும் வந்து இடது ஓரத்தில் நின்றார்.

உடம்பு கொடுத்த விலையும் சின்னதில்லை. அந்த எடையைத் தக்கவைக்கச் சாப்பிடுவதே தனி உத்தியோகம். ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, ஞாபகசக்தி குறைவது தெரிகிறது என்று பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னவர் அவர். 2018 மார்ச்சில் ஓய்வு அறிவித்த பிறகு 20 கிலோவுக்கு மேல் குறைத்து, அடையாளமே தெரியாமல் மாறிப்போனார்.

அவர் காயம்பட்ட அந்த சீசனில் பிரவுன்ஸ் 16-க்கு 16 தோல்வி. ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 2018 ஜனவரி 6-ல், எலும்பை உறைய வைக்கும் குளிரில், ஆயிரக்கணக்கானவர்கள் ஸ்டேடியத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். வட்டமாகச் சுற்றினால் பூஜ்ஜியம் வருமே! அழுகையையும் சிரிப்பாக மாற்றத் தெரிந்த ஊர் சார் இது.

அதே வருடம் செப்டம்பர் 20. ஆட்டத்தின் இடைவேளையில் ஸ்டேடியத்தில் '10,363' என்ற எண்ணை ஏற்றி தாமஸைக் கௌரவித்தார்கள். அன்றைய ராத்திரி பிரவுன்ஸ் ஜெயித்தது. 635 நாளுக்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி! முதுகு காத்தவர் ஓய்வு பெற்ற பிறகு வந்த வெற்றி.

இப்போ காரை எடுங்க. 77-ம் நம்பர் நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் நூறு கிலோமீட்டர். வழியில் வருவது ஆக்ரன். ஒரு காலத்தில் டயர் தயாரிப்புக்கு உலகத் தலைநகரம். அடுத்து கேன்டன். 1920-ல் இந்த ஊரின் ஒரு கார் ஷோரூமில் அணி உரிமையாளர்கள் கூடித் தொடங்கிய அமைப்புதான் இன்றைய என்.எஃப்.எல். லீக். அதனால் 1963-ல் 'ஹால் ஆஃப் ஃபேம்' அருங்காட்சியகமும் இங்கேயே வந்தது.

உள்ளே ஒரு கூடம். சுவரெங்கும் வெண்கலத் தலைகள். குவார்ட்டர்பேக், ஓட்டக்காரர், கோச் என்று லீக்கின் மொத்த சரித்திரமும் வரிசையாக உங்களைப் பார்க்கும். அதில் ஒன்று ஜோ தாமஸ். தகுதி பெற்ற முதல் வருடமே, 2023 ஆகஸ்ட்டில் உள்ளே வந்துவிட்டார். கோப்பை ஒன்றுகூடக் கிடையாது. ஆனா பாருங்க, கோப்பை தூக்கியவர்களின் தலைக்கும் இவர் தலைக்கும் சைஸில் வித்தியாசமே இல்லை!

உங்க காலேஜ் கல்ச்சுரல்ஸில் மைக் பிடித்தவனுக்குக் கைதட்டல் கிடைக்கும்போது, மேடைக்குப் பின்னால் வயரைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் நின்றிருப்பானே... கேன்டன் போகிற வாய்ப்பு எப்போ கிடைக்குமோ தெரியாது. நாளைக்கு கேன்டீனில் அவனைப் பார்த்தால், ஒரு டீயாவது வாங்கிக் கொடுங்க பாஸ்!