திருத்துகிறவர் இருக்கும் வரைக்கும்

கடற்கரையில் வாழ்வதைப் பற்றி எழுதுகிறவர்கள் காற்றைத்தான் முதலில் புகழ்வார்கள். அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது என்பதை வீட்டிலே இரும்புச் சாமான் வைத்திருப்பவர்கள் நன்றாக அறிவார்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று தொடரும் எங்கள் கரையோர ஊர்களில் யன்னல் கம்பி, சைக்கிள், மின்விசிறி எல்லாமே உரிய காலத்துக்கு முன்பே கறள் பிடிக்கின்றன. உடுப்புக் கழுவும் இயந்திரத்துக்கு இரட்டைச் சோதனை. வெளியே உப்புக் காற்று. உள்ளே எப்போதும் ஈரம். ஆகவே எங்கள் ஊர்களில் வைத்தியரைப் போலவே சாமான் திருத்துகிறவரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அறிமுகமான ஆள்.

நான் பாடசாலையில் படித்த 1980களில் எங்கள் ஒழுங்கைக்கு முதன்முதலாக அந்த இயந்திரம் வந்து சேர்ந்தது, குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்துவிட்டுத் திரும்பிய ஒரு ராத்தாவோடு. அதுவரை எங்களுக்குத் தெரிந்தவை கிணற்றடிக் கல்லும் சவர்க்காரக் கட்டியும், சிரட்டைக்கரி போட்டுச் சூடாக்கும் கனத்த இஸ்திரிக்கைப் பெட்டியும்தான். அந்த ராத்தா பிறர் வீட்டு உடுப்புகளை வருடக் கணக்காக இயந்திரத்தில் கழுவியவர். தன் உம்மா மட்டும் ஏன் கல்லில் அடித்துக் கைநோக வேண்டும் என்று நினைத்திருப்பார். ஒரு தொட்டியில் கழுவி, மற்றத் தொட்டியில் சுழற்றிப் பிழியும் இயந்திரம் அது. குழாய்நீர் இல்லாத வீடு. கிணற்றில் அள்ளி வாளியால் ஊற்றித்தான் அதை ஓட்டினார்கள். நாங்கள் சிறுவர்கள் சுற்றி நின்று பார்த்தோம்.

எங்கள் கரையில் பெண்பிள்ளைக்கு வீட்டை எழுதிக் கொடுத்துக் கலியாணம் செய்து வைப்பது முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்கும் பொதுவான வழக்கம். இப்போது அந்த வீட்டோடு கழுவும் இயந்திரமும் சேர்ந்துகொண்டுவிட்டது. ஆனால் அதன் வேலையை வைத்துப் பார்த்தால் அது ஆடம்பரப் பொருள் அல்ல. இயந்திரம் நின்றால் அந்த வேலை நிற்பதில்லை. வீட்டிலே ஒரு பெண்ணின் கைகளுக்குத் திரும்பிப் போகிறது. திருத்துவதா புதிதாக வாங்குவதா என்ற கேள்வியில் இந்தக் கைகளைப் பற்றி நாம் பேசுவது குறைவு.

எங்கள் வீட்டு இயந்திரம் 2006இல் வாங்கியது. சுனாமிக்குப் பிறகு வீட்டைக் கட்டிக் குடிபுகுந்த வருடம் அது. இதுவும் இரட்டைத் தொட்டிதான். சென்ற வருடம் ஒருநாள் பிழியும் பக்கம் நின்றுவிட்டது. “இரையுது, ஆனா சுத்துதில்ல” என்று மனைவி சொன்னார். விரல் மூட்டுகளில் வலியோடு இருப்பவர் அவர். ஈரப் போர்வையை முறுக்கிப் பிழிவது அவரால் முடியாத காரியம். விசாரித்த ஒரு கடையில், இந்த மொடலுக்குச் சாமான் வராது, புதிது எடுங்கள், தவணைக்கும் தரலாம் என்றார்கள். இயந்திரத்தை அவர்கள் பார்க்கவே இல்லை.

எங்கள் ஊரில் மோட்டர் வைண்டிங் செய்கிற முதியவர் ஒருவர் இருக்கிறார். மின்விசிறி, தண்ணீர்ப் பம்பி, மின்னழுத்தி, கழுவும் இயந்திரம் எதைக் கொடுத்தாலும் முதலில் காதைக் கொடுத்துக் கேட்பார். மனைவி சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். பின்பக்க மூடியைக் கழற்றுவதற்கு முன்பே சிரித்தார். “தம்பி, மோட்டருக்கு ஒண்டும் ஆகல்ல. தள்ளி விடுறதுக்கு ஆள் இல்ல, அவ்வளவுதான்.”

அவர் சொன்னது கெப்பாசிட்டரை. வீட்டு மின்சாரத்தில் ஓடும் இந்த வகை மோட்டர் தானாகச் சுழலத் தொடங்காது. முதல் உந்தலைக் கொடுப்பதற்கென்று இரண்டாவது கம்பிச்சுருள் ஒன்று அதில் உண்டு. அந்தச் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைச் சற்று முன்தள்ளி, சுழலும் காந்தப் புலத்தை உண்டாக்குவதுதான் கெப்பாசிட்டரின் வேலை. அது வலுவிழந்தால் மோட்டர் இரையும், சுழலாது. அப்படியே விட்டுவைத்தால் சுருள் சூடேறிக் கருகும். “சாமான் வராது” என்று கடையில் சொன்ன அந்தப் பாகம் உண்மையில் எந்த மொடலுக்கும் தனிப்பட உரியதல்ல. அளவு சரியாக இருந்தால் எதுவும் பொருந்தும். அதற்கும் அவருடைய கூலிக்கும் நான் கொடுத்த காசு, அன்று வீட்டுக்கு வாங்கிய மீனின் விலையைவிடக் குறைவு. இயந்திரம் இன்றும் ஓடுகிறது.

அந்தக் காக்காவிடம் எனக்குப் பெரிய மரியாதை ஏற்பட்டது அதற்கும் முன்பே. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் வந்தபோது இலங்கையில் ஆகக்கூடிய உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம், 10,000க்கும் அதிகமானோர். பின்வந்த மாதங்களில் மண்ணும் உப்பும் அடைத்த மோட்டர்களை மக்கள் அவரிடம் சுமந்து வந்தார்கள். கிணறுகளும் உவர்த்துப்போயிருந்த காலம். நல்ல தண்ணீர் தேடிக் கழுவி, வெயிலில் உலர்த்தி, அரித்துப்போன சுருள்களை அவிழ்த்துப் புதிய செப்புக் கம்பி சுற்றிக் கொடுத்தார். சில வீடுகளில் மனிதர்கள் போய்ச் சாமான் மட்டும் மிஞ்சியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களிடம் அவர் காசு வாங்கவில்லை என்று மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

2022ஆம் ஆண்டு நாடு முழுவதற்கும் அதே பாடத்தை வேறு விதத்தில் படிப்பித்தது. மார்ச் ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. ஆகஸ்ட் மாதத்தில் 300க்கும் மேற்பட்ட வகைப் பொருள்களின் இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. புதிது வாங்குவது என்ற பேச்சுக்கே அப்போது இடமிருக்கவில்லை. மின்சாரம் போய்த் திரும்பும்போது பழுதான சாமான்கள் வேறு. பழைய இயந்திரங்களைக் கழற்றிப் பாகம் எடுத்து மற்றவற்றுக்குப் பொருத்திக் குடும்பங்களைக் காப்பாற்றியவர்கள் இந்தச் சிறு கடைக்காரர்கள்தாம். கட்டுப்பாடுகள் பின்னர் படிப்படியாகத் தளர்ந்தன. கடைகளில் மீண்டும் புதுச் சாமான் நிறைந்தது; பழைய பேச்சும் திரும்பிவிட்டது.

ஆனால் புதிதாக வரும் இயந்திரங்கள் வேறு சாதி. மருதமுனைக் கைத்தறியை எண்ணிப் பாருங்கள். சாரனும் சேலையும் நெய்யும் அந்தத் தறியின் ஒவ்வொரு கட்டையும் கயிறும் கண்ணுக்குத் தெரியும். அறுந்தால் நெசவாளியே முடிந்துகொள்வார். எங்கள் வீட்டு இரட்டைத் தொட்டியும் ஏறத்தாழ அப்படித்தான்: ஒரு பெல்ட், இரண்டு மோட்டர், மணிக்கூடு போன்ற நேரமானி, ஒரு பிரேக். முன்பக்கக் கதவு கொண்ட புதிய இயந்திரங்கள் பலவற்றில் வெளித்தொட்டியை இரு பாதியாகச் செய்து உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். உள்ளேயுள்ள சிறிய பெயரிங் தேய்ந்தால் முழுத் தொட்டியையுமே மாற்ற வேண்டும். இலத்திரனியல் போட் எரிந்தால் அந்தக் கம்பனியின் போட் வேண்டும். மின்னழுத்தியிலும் இதே கதை. முன்பு வெப்பமூட்டும் சுருள் தனியாகக் கழன்றது. இப்போது அடித்தகட்டோடு சேர்த்து வார்த்துவிடுகிறார்கள். சுருள் போனால் அழுத்தியே போயிற்று.

எதையும் திருத்தித்தான் ஆகவேண்டும் என்று நான் வாதிடவில்லை. உடம்பு அரித்து மின்சாரம் கசியும் இயந்திரத்தை, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று வேலை செய்கிற பெண்ணுக்குத் திருத்திக் கொடுப்பது பாவம். புதிய இயந்திரங்கள் சில தண்ணீரை மிச்சப்படுத்துகின்றன என்பதும் உண்மை. ஆனால் திருத்த முடியாது என்று சொல்கிறவர் அதைத் திறந்து பார்த்தவராக இருக்க வேண்டும்.

எறியும் சாமான் எங்கே போகிறது என்பதும் சேர்ந்த கேள்வி. 2022இல் உலகம் எறிந்த மின், இலத்திரனியல் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன் என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கை கணக்கிட்டது. முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம் மட்டுமே. எங்கள் மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் காட்டு யானைகள் பிளாஸ்டிக்கைத் தின்று இறக்கின்ற செய்தியை 2022 ஜனவரியில் உலகமே படத்தோடு பார்த்தது. வீட்டுக் குப்பையையே வைக்க இடமில்லாத கரை இது.

பணக்கார நாடுகளும் இப்போது விழித்துக்கொள்கின்றன. கழுவும் இயந்திரத்துக்கான முக்கிய உதிரிப்பாகங்களை, அந்த மொடலின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்ததிலிருந்து குறைந்தது 10 வருடங்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. உத்தரவாதக் காலம் முடிந்த பின்னரும் திருத்திக் கொடுக்க உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தும் சட்டத்தை 2024இல் நிறைவேற்றி, 2026 ஜூலை 31ஐ அங்கத்துவ நாடுகளுக்குக் காலக்கெடுவாக வைத்தார்கள். இந்தியாவும் 2022இல் திருத்தும் உரிமை பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. இத்தகைய விதி நமக்கும் வேண்டும்.

விதி வந்தாலும் கை வேண்டுமே. எங்கள் காக்காவுக்கு எழுபது கடந்துவிட்டது. மகன் கட்டாரில் இருக்கிறார். அங்கே குளிரூட்டி திருத்துகிறார். வாப்பாவிடம் கற்ற தொழில்தான், வேறு நாட்டுக்குப் பயன்படுகிறது. இரண்டு பையன்கள் பழக வந்தார்கள், ஒரு வருடம் நிற்கவில்லை. குற்றம் அவர்களுடையதல்ல. மீன் விலையைவிடக் குறைந்த கூலிக்கு அவர்கள் ஏன் நிற்க வேண்டும்? நான் கொடுத்த காசு மலிவு என்று மகிழ்ந்ததில் இந்தக் கணக்கும் மறைந்திருக்கிறது. திருத்துகிற தொழிலை மதிக்கிறோம் என்றால் அது முதலில் கூலியில் தெரிய வேண்டும்.

பிள்ளைக்கு வீடு கொடுக்கும் பெற்றோருக்கு ஒரு யோசனை. இயந்திரம் வாங்கப் போகும்போது நிறத்தையும் விலையையும் கேட்பதோடு, பெயரிங் தனியாக மாற்றலாமா, பத்து வருடத்தின் பின் பாகம் கிடைக்குமா என்றும் கேளுங்கள். முடிந்தால் கடைக்குப் போகுமுன் உங்கள் ஊரில் திருத்துகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போங்கள். எது நிலைக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். அவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.