டியூனிங்குக்கு முன்னால் மட்டம்

யமஹா ஆர்எக்ஸ் 100 நம் ஊருக்கு வந்தது 1985-இல். 1996-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். கடைசியாக வந்த வண்டிக்கே இன்று ஏறக்குறைய முப்பது வயது. அப்படி ஒரு வண்டி என்னிடம் இருக்கிறது. இந்த வண்டிக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு ஜெட் நம்பரிலும் ஏர் ஸ்க்ரூவிலும்தான் போய் நிற்கும். கார்ப்பரேட்டரின் அடிக் கிண்ணத்தில் பெட்ரோல் எந்த உயரத்தில் நிற்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியதே அதுதான்.

எஞ்சின் காற்றை இழுக்கும்போது கார்ப்பரேட்டரின் குறுகிய வழியில் காற்றின் வேகம் கூடி, அழுத்தம் குறைகிறது. அந்த இழுப்பில்தான் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் ஜெட் என்ற சிறு துளை வழியாக மேலே ஏறுகிறது. எவ்வளவு தூரம் ஏற வேண்டும் என்பதை முடிவு செய்வது கிண்ணத்தின் மட்டம். மட்டம் உயர்ந்தால் எந்த வேகத்திலும் பெட்ரோல் கூடுதலாகப் போகும். பிளக் கரி பிடிக்கும், மைலேஜ் விழும், ஓவர்ஃப்ளோ டியூப் சொட்டும். தாழ்ந்தால், முழு ஆக்ஸிலரேட்டரில் மேடு ஏறும்போது வண்டி இழுக்காமல் திணறும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இது ஆபத்து. பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும். சூடு மிஞ்சினால் பிஸ்டன் இறுகி சீஸ் ஆகிவிடும்.

இந்த மட்டத்தைக் காப்பது ஃப்ளோட் என்ற சிறிய மிதவை. பெட்ரோல் ஏற ஏற ஃப்ளோட்டும் ஏறி, தன் நாக்கால் ஒரு பின்னை மேலே தள்ளிப் பெட்ரோல் வரும் வழியை அடைக்கிறது. ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக் 1893 வாக்கில் கார்ப்பரேட்டரில் கொண்டுவந்த ஏற்பாடு இது. மின்சாரமும் சென்சாரும் இல்லாமல் நூறாண்டுக்கு மேல் உலகத்து வண்டிகளை இதுதான் ஓட்டியது.

மட்டம் பார்க்கும் வேலை எளிது. வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்த வேண்டும்; சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் கணக்குத் தப்பும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பே கூடாது. கிண்ணத்தின் வடிகால் முனையில் உள்ளே தெரியும் ஒரு வளையும் டியூப்பை மாட்டி, மறுமுனையைக் கார்ப்பரேட்டரின் பக்கவாட்டில் மேல்நோக்கிப் பிடித்து, பெட்ரோல் டேப்பைத் திறந்து, வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்த வேண்டும். முனை இல்லாத வண்டிக்கு, கிண்ணத்தின் அடியில் வரும் பிளக் ஒன்றை உபரியாக வாங்கித் துளையிட்டு டியூப்பைச் சொருகிக்கொள்கிறார்கள். கொத்தனார் டியூப்பில் தண்ணீர் விட்டு இரண்டு சுவருக்கு மட்டம் பிடிப்பாரே, அதே விதிதான். உள்ளே நிற்கும் உயரத்துக்கு டியூப்பிலும் பெட்ரோல் ஏறி நிற்கும். கிண்ணமும் உடலும் சேரும் கோட்டிலிருந்து அது எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவோடு ஒப்பிட வேண்டும்.

இங்கே கை நடுங்கக் கூடாது. டியூப்பைத் தாழ்த்திவிட்டு மறுபடி உயர்த்தினால், டியூப்பில் இருந்த பெட்ரோல் கிண்ணத்துக்குத் திரும்பிப் போய், இல்லாத உயரத்தைக் காட்டும். முதலில் உயரமாகப் பிடித்து, மெல்ல இறக்கி, அசையாமல் நிறுத்தி, வளைந்து நிற்கும் பெட்ரோலின் அடிப்பகுதியைப் படிக்க வேண்டும்.

அளவு தப்பினால் உடனே ஃப்ளோட்டின் நாக்கை வளைக்கப் போவது அவசரம். முதலில் பின்னைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கூம்பு முனையில் வளையமாகத் தேய்ந்த தடம் தெரிந்தால் பின்னையும் அது உட்காரும் சீட்டையும் மாற்ற வேண்டும். டேங்க் துருவின் ஒரு துகள் சிக்கியிருந்தாலும் மட்டம் உயரும். பித்தளை ஃப்ளோட் என்றால் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பினால் அது ஓட்டை. இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே நாக்கை மயிரிழை அளவு வளைக்கலாம்.

இன்று பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை மெலிகிறது. அது ஈரத்தையும் இழுக்கும், பழைய ரப்பரையும் பதம் பார்க்கும். கலவை மெலிவதால் பலர் நேரே பெரிய ஜெட்டுக்குப் போகிறார்கள். மட்டம் தெரியாமல் ஜெட்டை மாற்றினால் ஒரு கோளாறின் மேல் இன்னொரு கோளாறை ஏற்றுகிறோம்.

காதால் கேட்டே டியூனிங் செய்யும் மெக்கானிக்குகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் எவ்வளவு தேர்ந்த காதுக்கும் கிண்ணத்துக்குள் இருக்கும் இரண்டு மில்லிமீட்டர் தனியாகக் கேட்காது. உங்கள் வீட்டில் பழைய வண்டி இருந்தால், அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "அண்ணே, மட்டம் பார்த்துட்டு ஸ்க்ரூவுல கை வைங்க."